பெபெத் விற்ற பெயர்

லூசியானாவில் எங்கள் ஆன்ஸ்-மெலோ ஊரில் ஓர் ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று, ஞானஸ்நானத்தன்று பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றி வைப்பது. அது கோயில் பதிவேட்டில் இருக்கும், வண்டி ஓட்டும் லைசென்ஸில் இருக்கும், கடைசியாகக் கல்லறைக் கல்லில் இருக்கும். இதற்கு நடுவில் வாழ்ந்து தொலைக்கிற எழுபது எண்பது வருடமும் மனிதர் புழங்குவது இன்னொரு பெயரில். அதை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பது பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும்.

பக்கான் என்று ஒருவர் இருக்கிறார். வழுக்கைத் தலை பெக்கான் கொட்டையின் நிறத்தில் வழவழவென்று இருப்பதால் அப்படி. ஒருமுறை நெஞ்சுவலி என்று அவரை லஃபயெட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊரில் பாதிப் பேர் கம்போ சூப் குண்டானைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். பக்கான் எந்த அறை என்று கேட்டால், அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கும் அவருடைய காகிதப் பெயர் ஞாபகம் வரவில்லை. வண்டி நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்து கம்போவைக் காலி செய்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மூன்றாவது மாடியில் ஓவிட் கெபெதோ என்கிற பெயரில் படுத்துக்கிடந்த பக்கான், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று நாலு நாள் புழுங்கிக்கொண்டிருந்தார். செத்தால் செய்தித்தாளில் கொடுக்கும் அறிவிப்பில்கூட அந்த இரண்டாவது பெயரையும் சேர்த்துப் போடுவோம். போடாவிட்டால் பெட்டியைத் தூக்க ஆள் வராது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் பெபெத் செய்தது முட்டாள்தனமாகத் தெரியாது. தெரிந்த பிறகும் அதை முட்டாள்தனம் என்று சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். வாய் இருக்கிறது, சொல்கிறார்கள்.

காகிதத்தில் அவள் யூலாலி மாத்தில்த் தெசொர்மோ. குழந்தையாக இருந்தபோது ஓர் இடத்தில் நிற்காமல் பூச்சி மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்ததால் அப்பா பெபெத் என்று கூப்பிட்டார், அதுவே நின்றுவிட்டது. அறுபத்தேழு வயதிலும் அவளுக்கு உட்காரத் தெரியாது. குட்டை முடி, செத்துப்போன புருஷன் ஆர்வில் விட்டுப்போன முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கை நிறையக் கீறல். ஏப்ரல் கடைசியில் சதுப்பில் மேஹா பழுக்கும். கோலிக்குண்டைவிடச் சின்னப் பழம், நல்ல சிவப்பு, அப்படியே தின்றால் புளிப்பு கண்ணைச் சுருக்கும். மரத்தை உலுக்கினால் பழம் தண்ணீரில் விழுந்து மிதக்கும். பக்கானின் தட்டைப் படகில் போய் வலையால் அள்ளிக்கொண்டு வருவாள். வேகவைத்து, துணியில் வடிகட்டி, சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு ஜெல்லியாக இறக்குவாள். ஜாடியை வெயிலுக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் நிற்கிற ஆளின் முகம் தெரியும். அவ்வளவு தெளிவு. வருடத்துக்கு முந்நூறு ஜாடி போடுவாள். தீவனக் கடையிலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு கோயில் வாசலிலும் வைத்து விற்றால் ஜூன் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புயல் அவள் வீட்டுக் கூரையைப் பாதி பிய்த்துக்கொண்டு போனது. தார்ப்பாயைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பேட்டன் ரூஜிலிருந்து ஒரு உணவு கம்பெனியின் ஆள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பேச்சு. இரண்டு ஜாடியை ஒரே மூச்சில் தின்றுகாட்டினான். செய்முறையையும் பெயரையும் கம்பெனிக்குக் கொடுத்தால் கூரை முழுவதையும் புதிதாகப் போடுகிற அளவுக்குப் பணம் தருவதாகச் சொன்னான். பத்திரம் பன்னிரண்டு பக்கம் இருந்தது. பெபெத் முதல் பக்கத்தைப் படித்தாள், கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்தாள். எந்தப் பெயர் வேண்டும் என்று அவளேதான் கேட்டாள்.

“உங்க சட்டப்படியான பேரு மட்டும் போதுங்க மேடம். லைசென்ஸ்ல இருக்கற மாதிரியே.”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் பக்கானைக் கூப்பிட்டுச் சொன்னாள். அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்த, ஒருநாளும் உடுத்தாத கவுனை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டேன் என்றாள். பக்கானும் சிரித்தார். ஊரே சிரித்தது. எங்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் அந்தப் பெயரைத்தான் விற்றிருப்போம்.

புதுக் கூரை வந்தது. கம்பெனி ஜாடியும் கடைகளுக்கு வந்தது. ‘யூலாலி தெசொர்மோவின் அசல் மேஹா ஜெல்லி’ என்று வளைந்து வளைந்து எழுதியிருந்தது. கூடவே வெள்ளைக் கொண்டை போட்ட ஒரு கிழவி ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம். பின்பக்கம் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொடி எழுத்தில் இருந்தது. எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆப்பிள் சாறு முதலில் இருந்தது, பிறகு சோளச் சர்க்கரை, பிறகு சிவப்பு நிறம். மேஹா கடைசியில் இருந்தது. பெபெத் ஒரு ஜாடி வாங்கி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, மீதியைப் பக்கானின் நாய்க்கு வைத்தாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்போதும் அவளுக்குக் கவலை இல்லை. தன் ஜாடிகளில் பேனாவால் ‘பெபெத்’ என்று எழுதிய காகிதத் துண்டை ஒட்டி, எப்போதும்போல விற்றுக்கொண்டிருந்தாள். வலிக்கத் தொடங்கியது வெளியாட்களிடம்தான். ஒருநாள் பக்கத்து ஊர் மருந்துக் கடையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனாள். அங்கிருந்த பெண் காப்பீட்டு அட்டையைப் பார்த்துவிட்டு, “அந்த யூலாலி நீங்கதானா? தப்பா நினைக்காதீங்க, உங்க ஜெல்லி முன்ன மாதிரி இல்லைங்க,” என்றாள். அது நான் செய்தது இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அட்டையில் அந்தப் பெயர்தான் இருந்தது, அதை விற்றவளும் அவள்தான். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். எது தன்னுடையது என்பது நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

போன வருடத் தொடக்கத்தில் மாநில அலுவலகத்திலிருந்து சோதனையாளர் வந்தார். க்ளிஃப்டன் வியேட்டர் என்று பெயர், நாற்பது வயது, இரண்டு ஊர் தள்ளி இருப்பவர். அவருடைய அம்மாவும் பெபெத்தும் ஒன்றாகப் படித்தவர்கள். வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். யாரோ புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் செய்து விற்கலாம், தடை இல்லை. ஆனால் லேபிளில் செய்தவருடைய பெயரும் விலாசமும் இருந்தாக வேண்டும்.

“இருக்கே தம்பி. பெபெத்னு போட்டிருக்கேன்ல.”

“அது பேர் இல்லையே, மிஸ் பெபெத். சட்டப்படியான பேர் வேணும். இல்லேன்னா மாநிலத்துல பதிவு பண்ணின வியாபாரப் பேர் வேணும்.”

சட்டப்படியான பெயரை விற்றுவிட்டேன் என்று அவள் சொன்னாள். வியேட்டருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மேசை இழுப்பறையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அவர் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பி வந்து, விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார். அவள் எதை வேண்டுமானாலும் செய்து விற்கலாம், ஆனால் அது அவள் செய்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிகிற மாதிரி எந்தப் பெயரும் அடையாளமும் இருக்கக் கூடாது என்று அங்கே போட்டிருந்தது. லேபிளில் செய்தவர் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது மாநிலம். இருக்கவே கூடாது என்கிறது அவள் கையெழுத்து. வியேட்டர் இரண்டாவது காப்பியும் கேட்டு வாங்கிக் குடித்தார். பத்திரம் கம்பெனிக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள சங்கதி, அதில் தான் தலையிட முடியாது என்றார். லேபிள் சரியாகிற வரைக்கும் விற்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருந்தாலும் மனசு கேட்காமல் பெபெத் என்கிற பெயரை வணிகமுத்திரையாகப் பதியச்சொல்லி மனுப் போட்டாள். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெயரை நாலு மாதத்துக்கு முன்பே ஒருவர் பதிந்துவிட்டார். ஜாம், ஜெல்லி, ஊறவைத்த பழ வகை எதிலும் வேறு யாரும் போட்டுக்கொள்ள முடியாது. பதிந்தது அதே கம்பெனி. அவர்களுடைய ஆள் ஒருவன் தீவனக் கடைக்கு வந்து இரண்டு ஜாடி வாங்கிக்கொண்டு போனது அப்புறம்தான் கடைக்காரருக்கு ஞாபகம் வந்தது. பெபெத் அந்தக் கடிதத்தைக் கோயிலில் எல்லோரிடமும் காட்டினாள். இனிமேல் உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் கம்பெனிக்குக் காசு கட்டணுமா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெபெத்தும் சிரித்தாள், ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

விட்டுத் தொலையேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் விட்டுப் பார்த்தாள். போன வருடம் மே மாதம் சதுப்புக்குப் போகவில்லை. பழம் தண்ணீரில் மிதந்து, ஊறி, கரையில் ஒதுங்கி நாறியது. அந்த வருடம் எங்கள் ஊரில் காலை ரொட்டிக்கு மேஹா வேண்டுமென்றால் கொண்டைக் கிழவி படம் போட்ட ஜாடிதான். கோயில் விருந்தில் அது மேசைமேல் இருப்பதைப் பார்த்தபோது, தன்னைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி உடுப்பை உருவியது மாதிரி இருந்தது அவளுக்கு. எடுத்து மறைக்கவும் முடியவில்லை. அவள் பெயர் போட்ட ஜாடி ஆயிற்றே.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கான் ஒரு யோசனையோடு வந்தார். சுத்தமான சட்டை போட்டு, ஒரு சட்டி வேகவைத்த க்ராஃபிஷ் என்கிற ஆற்று இறாலைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்துவிட்டு, உரித்துக்கொண்டே பேசினார்.

“இங்க பாரு பெபெத். எனக்கும் பொண்டாட்டி போய் ஒம்பது வருஷம் ஆச்சு. என்னைக் கட்டிக்கோ. மிஸஸ் கெபெதோன்னு லேபிள் போடு. எந்தக் கம்பெனிக்காரன் வந்து கேப்பான்?”

“ஜெல்லிக்காக என்னைக் கட்டிக்கப் போறியா?”

“ஜெல்லியும் ஒரு காரணம்னு வெச்சுக்கோயேன்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அன்று இரண்டு மூன்று தடவை கண்ணாடி பார்த்தாள். மறுநாள் இருவரும் கோர்ட் வளாகத்தில் இருந்த எழுத்தர் பெண்ணிடம் போய்க் கேட்டார்கள். அவள் பாவம், சிரிக்காமல்தான் சொன்னாள். லூசியானாவில் கல்யாணம் பெண்ணின் பெயரை மாற்றாது. புருஷன் பெயரைப் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தபால்காரர் அப்படியே கூப்பிடலாம், ஆனால் சட்டத்துக்கு அவள் சாகிற வரைக்கும் அப்பன் வீட்டுப் பெயர்தான். ஆர்வில் லாத்யோலேயோடு முப்பத்தாறு வருடம் குடித்தனம் பண்ணியும் அவள் காகிதத்தில் தெசொர்மோவாகவே இருந்தது அதனால்தான். அது எங்களுக்கும் தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்துவிட்டோம். திரும்பி வரும்போது வண்டியில் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கான் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

மிச்சம் இருந்தது ரெய்னெல் ஒருத்தி. தங்கை மகள், முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். விவாகரத்து ஆனதிலிருந்து பெபெத்தின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்றவள் என்பதால் பெபெத் அவளுக்கு நனான், ஞானத்தாய். ரெய்னெல் தங்கமான பெண். நாற்பது பிள்ளைகளோடு அந்த மஞ்சள் பஸ்ஸைக் குறுகலான பாலத்தில் பின்னோக்கி எடுத்துவிடுவாள். ஆனால் அடுப்பில் முட்டை வைத்தால் முட்டை வெடிக்கிற சத்தம் கேட்டுத்தான் ஞாபகம் வரும்.

“என் பேரைப் போட்டுக்கோ நனான். ரெய்னெல் ஸ்தெல்லி. அதை எவனும் வாங்க மாட்டான்,” என்றாள் அவள்.

பெபெத்துக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பிறகு கொண்டைக் கிழவியை நினைத்துக்கொண்டாள். ஊருக்குத் தெரியுமே, போதாதா என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். இந்தப் பிப்ரவரியில் ரெய்னெல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். அதில் ஒரு வரி இருந்தது. லேபிளில் பெயர் இருக்கிறவர்தான் பொருளைச் செய்கிறவர் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்றால் அபராதம் மட்டும் இல்லை, குற்றப் பதிவும் விழும். குற்றப் பதிவு விழுந்தவளிடம் பள்ளிக்கூட பஸ்ஸைக் கொடுக்க மாட்டார்கள். ரெய்னெல் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் நனானிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்தச் சமையலறையில் நடந்ததை எழுதினால் இருவருக்கும் அவமானம். பதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெபெத்தால் வாயால் சொல்ல முடியவில்லை. கேள், சத்தம் மாறும், முதலில் படபடவென்று கொதிக்கும், அப்புறம் கனத்துப்போய் நின்று நின்று கொப்புளம் வரும், அப்போது இறக்கு என்பாள். ரெய்னெல்லுக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தம். கடைசியில் சமையல் கடிகாரம் ஒன்றை வாங்கி, பதினெட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த அடுப்பில், அந்தக் குண்டானில், ஃப்ரீசரில் இரண்டு வருடமாகக் கிடந்த பழைய பழச்சாற்றில் பதினெட்டு நிமிடம் சரியாகத்தான் வந்தது.

இதற்குள் கம்பெனி மாநில அலுவலகத்துக்கு மறுபடி எழுதியிருந்தது. ரெய்னெல் ஸ்தெல்லி பெயருக்குத்தான், செய்யப்போவது பழைய ஆள், லேபிள் பொய் என்று புகார். ஆகவே பதிவைக் கொடுப்பதற்கு முன்னால் வியேட்டர் நேரில் வந்து, ஒரு ஈடு முழுவதையும் ரெய்னெல் செய்வதைப் பார்க்க வேண்டும். புகார் கொடுத்தவர் தரப்பிலும் ஒருவர் வந்து உட்காரலாம்.

மே மாதம் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். கம்பெனியின் சார்பில் வந்தவள் ஒரு வக்கீல் அலுவலகத்துப் பெண், மிஸ் கார்வர் என்று பெயர் சொன்னாள். மரியாதையானவள். வீட்டைப் புகழ்ந்தாள், வாசலில் பூத்திருந்ததைப் புகழ்ந்தாள், செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். சமையலறை மேசைக்கு ஒரு பக்கம் அவளும் வியேட்டரும் உட்கார்ந்தார்கள். பெபெத் எதிர்ப்பக்கம், சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அங்கே இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை, வீடு அவளுடையது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, வாயால் ஒன்றும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் என்று வியேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரெய்னெல் சாற்றை ஊற்றினாள், சர்க்கரை அளந்து போட்டாள், எல்லாம் சரியாகவே செய்தாள். கொதி வந்ததும் கடிகாரத்தைத் திருகி வைத்தாள். மிஸ் கார்வர் கேள்வி கேட்கத் தொடங்கினாள். எங்கே பழம் எடுக்கிறீர்கள், யார் கற்றுக்கொடுத்தது, எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள். ரெய்னெல் அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பதில் சொன்னாள். பஸ்ஸில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவள், தடுமாறவில்லை.

அது இந்த வருடத்துப் பழம். பத்து நாளாக மழை இல்லாமல் மரத்திலேயே நின்று, பாதி பச்சையாக உதிர்ந்த பழம். அப்படிப்பட்ட சாறு சீக்கிரம் கட்டும். பெபெத்துக்கு அது காலையில் வடிகட்டியைப் பார்த்தபோதே தெரிந்தது, ஆனால் கடிகாரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. பதினோராவது நிமிடத்தில் சத்தம் மாறியது. படபடப்பு அடங்கி, கொப்புளம் கனத்தது. இப்போது என்று அவள் உடம்பு சொன்னது. கால் தானாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டது, கை மேசை விளிம்பைப் பிடித்தது. ஐம்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்து பழகிய உடம்பு. மிஸ் கார்வர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள்.

பெபெத் கையை எடுத்து மறுபடி மடியில் வைத்தாள். ரெய்னெல் திரும்பிப் பார்க்க மாட்டாளா என்று அவளுடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெய்னெல் சிரித்துக்கொண்டே, மரத்தை உலுக்கும்போது படகு கவிழ்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பெபெத்தின் கதை. பதின்மூன்றாவது நிமிடம் வாசனை மாறியது. வியேட்டர் தலையைத் தூக்கினார். அவரும் இந்தச் சீமையில் வளர்ந்தவர்தான், அவர் அம்மாவும் இந்த மாதத்தில் இதைத்தான் செய்தாள். அவர் குண்டானைப் பார்க்கவில்லை, பெபெத்தைப் பார்த்தார். உடனே பேனாவைக் கீழே போட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அவருக்கும் வாயைத் திறக்க உரிமை இல்லை.

மிஸ் கார்வர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினாள்.

“நீங்க என்ன நினைக்கறீங்க, மிஸ் யூலாலி? இறக்கிடலாமா?”

குரலில் விஷமே இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ரெய்னெல் பேச்சை நிறுத்தினாள். அவளுக்கு இப்போது வாசனை தெரிந்துவிட்டது. நனானைப் பார்த்தாள். ஆனால் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெபெத் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், செய்தவள் யார் என்பது அங்கேயே முடிந்துவிடும்.

“எனக்கென்னம்மா தெரியும்,” என்றாள் பெபெத். “அவதான் செய்யறா.”

இப்போது இறக்கினால் நனானைப் பார்த்து இறக்கியதாக ஆகிவிடும் என்று ரெய்னெல் கடிகாரம் அடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றாள். இன்னும் நாலரை நிமிடம். நாலு பேரும் அந்த அறையில் உட்கார்ந்தும் நின்றும் அது கருகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ரெய்னெல் இறக்கி, பன்னிரண்டு ஜாடியில் ஊற்றினாள். செங்கல் நிறத்தில், கலங்கி, ஊற்றும்போதே இழுத்துக்கொண்டு வந்தது.

மிஸ் கார்வர் ஒரு கரண்டியில் எடுத்து ஊதி ஊதி ருசி பார்த்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். முன்பு கம்பெனிக்காகப் பெபெத்தின் பழைய ஜாடிகளைத் தின்றுபார்த்தவர்களில் தானும் ஒருத்தி என்று அவள் சொன்னாள்.

“இது அவங்க செஞ்சது இல்ல, மிஸ்டர் வியேட்டர். அவங்க இருந்தா இது இப்படி வந்திருக்காது. எங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்குங்க.”

வியேட்டர் எழுதினார். செய்முறை என்ற இடத்தில், கொதி வந்தபின் பதினெட்டு நிமிடம் என்றும் எழுதினார். ரெய்னெல் ஸ்தெல்லி என்று அச்சடித்த லேபிளை ஒரு ஜாடியில் ஒட்டச்சொல்லிப் பார்த்தார். பெயர் சரி, விலாசம் சரி, எடை சரி. முத்திரை குத்திய தாளை ரெய்னெல்லிடம் கொடுத்தார். போகும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெபெத்துக்கு முன்னால் நின்றார்.

“போயிட்டு வாங்க சார்,” என்றாள் அவள். தம்பி என்று சொல்லவில்லை.

இரண்டு வண்டிகளும் முற்றத்தை விட்டுப் போய், தார்ச்சாலையில் ஏறுகிற சத்தம் கேட்டது. ரெய்னெல் ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து பெபெத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கிடைத்துவிட்டது என்றாள். இனி யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நாளைக்குப் புதுப் பழம் கொண்டுவருவோம், கதவைச் சாத்திக்கொண்டு நீயே செய் என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். பெபெத் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். மேசைமேல் பன்னிரண்டு ஜாடியும் வரிசையாக இருந்தன. எதிலும் மறுபக்கம் தெரியவில்லை.

“அவங்க போயிட்டாங்க நனான். இனிமே நீ எந்திரிக்கலாம்.”

“எதுக்கு?” என்றாள் பெபெத்.